கதவுக்கல்

ஆனி இரண்டாம் தேதி
பணகுடியில் பஸ்ஸை விட்டு இறங்கினேன்.
முதலில் துப்பட்டா பறந்தது.
அடுத்து மாறுதல் ஆணையின் இரண்டாம் பக்கம்.
டீக்கடைக்காரர் எட்டிப் பிடித்துக் கொடுத்து
‘காத்து சீசன்லா’ என்றார்,
வீட்டுக்கு மாப்பிள்ளை வந்திருப்பதைச் சொல்வதுபோல.

வீட்டுக்காரம்மா ஜெபமணி
சாவி தருமுன் கேட்டார்:
‘ஒத்தையிலயா இருக்கப் போறிய?’
மகன் இருக்கிறான் என்றேன்.
‘அவனத்தான் பாத்துட்டனே. வேற?’
குடியாத்தத்தில் பதினோரு வருஷம்
எந்தக் கதவும் சத்தமில்லாமல் மூடியதில்லை என்பதை
அட்வான்ஸ் எண்ணுகிறபோது சொல்ல முடியாது.
வேற யாருமில்லை என்றேன்.
‘சரி, சவத்த விடுங்க’ என்று
அடுக்களையைக் காட்டப் போனார்.

சவம்.
எங்கள் பக்கம் அந்தச் சொல்லுக்குப் பாடை வேண்டும்.
இங்கே பொங்காத தோசைமாவுக்கும்
ஸ்டார்ட் ஆகாத பைக்குக்கும் அதுதான் பெயர்.
முதல் வாரம் முழுக்க
கேட்கும்போதெல்லாம் திரும்பிப் பார்த்தேன்.

வீட்டில் ஐந்து கதவுகள்.
முதல் ராத்திரி ஒன்பது மணிக்கு மேல்
ஒன்றுக்கொன்று பதில் சொல்வதுபோல் அடித்துக்கொண்டன.
தர்ஷித் காதைப் பொத்தியபடி
‘அப்பா வந்துட்டாரா’ என்றான்.
காத்துடா என்றேன்.
நம்பவில்லை.
நானும் எழுந்து போய்த்
தாழ்ப்பாளைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் படுத்தேன்.

விடிந்ததும் ஜெபமணி
சாந்துச்சட்டியில் ஐந்து கல் கொண்டுவந்தார்.
இடித்த படிக்கட்டின் துண்டுகள்,
ஒன்றில் இன்னும் நீலச் சுண்ணாம்பு.
‘சத்தம் எங்க வீடு மட்டும் கேட்டுது.
கதவுக்கு ஒண்ணா முட்டுக் குடுங்க.’
வேறெதுவும் கேட்கவில்லை.

வேலை, மீட்டர் பார்ப்பது.
இரண்டு மாதத்துக்கொரு தரம்
யார் வீட்டு வாசலிலும் நிற்கலாம்,
எதற்கு வந்தாய் என்று கேட்கமாட்டார்கள்.
லைன்மேன் இசக்கியப்பன் முன்னால் போய்
வீட்டைக் காட்டுவார், கூடவே வீட்டுச் சங்கதியும்:
‘இது பம்பாய்க்காரங்க வீடு. மூணு யூனிட்டு.
கொடைக்கு வந்து லைட்டப் போட்டுப் பாத்துட்டுப் போவாங்க.
இந்த வீட்ல நாய்க்குப் பயப்படணும்.
அந்த வீட்ல நாய் கெடையாது, அவருக்குத்தான்.’

ஊரைச் சுற்றிக் காற்றாலைகள்
வானத்தைப் போட்டு ஆட்டிக்கொண்டிருக்க,
அவற்றின் காலடியிலேயே ஒரு மத்தியானம் கரண்ட் போயிற்று.
பீடி சுற்றிக்கொண்டிருந்த ஒருத்தி
மடித் தட்டை இறக்கி வைத்துவிட்டுக் கேட்டாள்:
‘இம்புட்டு சுத்துதே மேடம், எங்களுக்கு ஏன் இல்ல?’
எனக்கு அதற்கு எந்தச் சுற்றறிக்கையும் வரவில்லை.
‘சவம்’ என்றேன்.
தானாக வந்துவிட்டது.
அவள் சிரித்த சிரிப்பில் புகையிலைத்தூள் பறந்தது.
சொம்பில் தண்ணீர் தந்து
‘பைய குடிங்க’ என்றாள்.

ஆவணியில் எங்கள் தெருவின் முறை.
என் மீட்டரை நானே வாசிக்க என்னவோ கூச்சம்.
இசக்கியப்பன் எட்டிப் பார்த்தார்: ‘அறுவத்திரெண்டு.’
வெள்ளை அட்டையில்
முன்னால் குடியிருந்தவர்களின் வாழ்க்கை:
முந்நூற்றுப் பத்து, இருநூற்றெண்பது,
பிறகு நான்கு வரி தொடர்ந்து ‘கதவு பூட்டு’.
அதற்குக் கீழே
என் கையெழுத்தில் எழுதினேன், 62.
கட்டணம் இல்லை.
‘ஃபேனே போட மாட்டியளோ?’
இந்தக் காத்துல எதுக்கு என்றேன்.

புரட்டாசி பாதியில் காற்று நின்றது.
ஒரு நாள் காலையில் எழுந்தால்
கொடியில் துணி அசையாமல் தொங்குகிறது,
யாரோ கோபித்துக்கொண்டு போனதுபோல் இருந்தது.
கல்லையெல்லாம் ஓரமாகப் போடலாமா என்றேன்.
‘கெடக்கட்டும்’ என்றான் தர்ஷித்.
இருக்கட்டும் என்று சொல்லவில்லை, கவனித்தேன்.

உள்கதவு நான்கும் இப்போது
இரவெல்லாம் திறந்தே கிடக்கின்றன.
வாசல் கதவுக்கு மட்டும் தாழ்ப்பாள்,
தாழ்ப்பாள் போட்ட பிறகும் அந்த நீலக்கல்.
ஃபேன் ஓடுகிறது.
ஐப்பசிக் கணக்கு கொஞ்சம் கூடும்.